எண்பத்தெட்டாம் நாள் வந்த படகு

எண்பத்தாறாவது நாள் காலையிலும் அவர்களை ஏற்றிப்போக வண்டி வரவில்லை.

ஜெயக்கொடி முந்தின நாள் ஆறு மணிக்கே எல்லாவற்றையும் கட்டி முடித்திருந்தாள். இரண்டு சூட்கேஸ், அரிசி டிரம், கணவன் செல்லப்பாண்டியின் மருந்துப் பை, மகள் ரோஷிணியின் புத்தகப் பை. ஒன்பது வருடத்தில் நாற்பத்தைந்து முறை இடம் மாறியாகிவிட்டது. எது எதற்குள் போகும் என்று கைக்கே தெரியும். இப்போது கண்ணாடிச் சுவர் அருகே வந்து கீழே பார்த்தாள். ஏழாவது மாடி. சாலை இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர்தான் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தின் கூரை மட்டும் ஒரு மேசை மாதிரி மேலே நின்றது. இரண்டு நாளாகப் பெய்த மழை இன்னும் விடவில்லை.

"வண்டி எப்படிம்மா வரும்? கீழ்த்தளம் பூரா தண்ணி ஏறிடுச்சு," என்றாள் ரோஷிணி. அவளுக்குப் பதினான்கு வயது. மூட்டை மேல் உட்கார்ந்து வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் நடந்துகொண்டிருக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் படித்து வைத்துக்கொள்வது அவள் பழக்கம். இதுவரை பதினோரு பள்ளிக்கூடம்.

"வராட்டி எப்ப வருவாங்களாம்?"

"யாருக்குத் தெரியும். நெட்டே இல்ல."

செல்லப்பாண்டி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.  கதவுக்கு மேலே இருந்த சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் 86 என்று இருந்தது. அந்த எண்ணை அவர்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் கட்டடம் சென்னையின் தென்கோடியில், சதுப்பு நிலத்தை ஒட்டி இருந்தது. ஒரு காலத்தில் மூவாயிரம் பேர் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகம். அந்த வேலைகளை இயந்திரங்கள் செய்ய ஆரம்பித்த பிறகு ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது. இப்போது மாடிக்குப் பன்னிரண்டு குடும்பம். ஜெயக்கொடி குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு கூட்ட அறை. நான்கு பக்கமும் கண்ணாடி. மூன்று பக்கத்தில் புடவைகளைக் கட்டி மறைத்திருந்தாள். நான்காவது பக்கம் வெளியே பார்த்தது. அந்தக் கண்ணாடியைத் திறக்க முடியாது. குளிர்சாதனத்தை நம்பிக் கட்டிய கட்டடம் அது. ஜன்னல் என்று ஒன்று எந்த மாடியிலும் இல்லை.

நகரத்தில் எந்த இடம் காலியாகக் கிடந்தாலும் இடைக்கால இட ஆணையத்தின் கணினிக்குத் தெரிந்துவிடும். விற்காத அடுக்குமாடி, மூடிவிட்ட மால், கோடை விடுமுறையில் இருக்கும் பள்ளிக்கூடம், முகூர்த்தம் இல்லாத மாதத்துக் கல்யாண மண்டபம். வீடில்லாத நான்கு லட்சம் பேரின் அட்டைகளும் அதே கணினியில் இருந்தன. இரண்டையும் அது பொருத்திவைத்தது. ஆரம்பித்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். ஜெயக்கொடியும் பாராட்டினாள். நடைபாதையிலிருந்து அவர்கள் முதலில் போனது ஒரு புது ஃபிளாட்டுக்கு. அங்கே குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. ஐந்து வயது ரோஷிணி ஒரு மணி நேரம் குளித்தாள்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு தீர்ப்பு வந்தது. ஒரே இடத்தில் தொடர்ந்து தொண்ணூறு நாள் குடியிருந்தவர்களை அங்கிருந்து வெளியேற்றக் கூடாது. அந்த இடம் அவர்களுக்கு உரியது. கட்டட உரிமையாளர்கள் பதறினார்கள். தீர்ப்பை மாற்ற முடியவில்லை. கணினியை மாற்றினார்கள். அன்றிலிருந்து எந்தக் குடும்பமும் எங்கேயும் எண்பத்தாறாவது நாளைப் பார்த்ததில்லை.

எதிர் அறையில் இருந்த அற்புதராஜ் அன்று சாயங்காலம் எல்லோரையும் மின்தூக்கிப் பக்கம் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இல்லை. தனியாக இருந்தவரை அவருடைய தங்கை குடும்பத்தின் அட்டையில் சேர்த்திருந்தார்கள்.

"கரண்ட் இல்ல, நெட் இல்ல. ஆனா மேல பாத்தீங்களா?" என்று கூரையில் இருந்த வட்டக் கருவியைக் காட்டினார். "இது ஆள் எண்ற மிஷின். இதுக்கும் கதவு மேல இருக்கிற திரைக்கும் தனி பேட்டரி இருக்கு. நாம இருக்கிறத இது எழுதிக்கிட்டேதான் இருக்கு. இன்னிக்கு எண்பத்தாறு. தண்ணி வடிய நாலஞ்சு நாள் ஆகும். கூட்டிக் கழிச்சுப் பாருங்க."

யாரும் கூட்டிக் கழிக்கவில்லை. காலையிலிருந்து எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இதெல்லாம் செல்லுமா? வெள்ளத்துல மாட்டிக்கிட்ட நாளையெல்லாம் கணக்குல சேப்பாங்களா?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

"தீர்ப்புல 'எந்தக் காரணத்தினாலாயினும்'னு இருக்கும்மா. எங்கிட்ட காப்பி இருக்கு." அற்புதராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுதான். அட்டையில பேர் இருக்கிற யாரும் ஒரு முழு நாள் வெளிய இருந்துடக் கூடாது. இருந்தா அந்த அட்டைக்கு மறுபடியும் ஒண்ணுலருந்து எண்ணும்."

சொல்லிவிட்டு அவர் செல்லப்பாண்டி இருந்த அறைப் பக்கம் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

செல்லப்பாண்டிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கடைசியாகச் செய்தது எண்பத்து நான்காம் நாள், மழை ஆரம்பித்த காலையில். அடுத்தது எண்பத்தாறில் நடந்திருக்க வேண்டும். அதற்கு அடுத்தது எண்பத்தெட்டில்.

எண்பத்தேழாம் நாள் அவன் முகம் ஊதியிருந்தது. மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. எண்பத்தெட்டாம் நாள் காலையில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தான். படுத்தால் நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறுவது போல இருக்கிறது என்றான். மழை விட்டு வெயில் அடித்தது. கண்ணாடி அறை அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. ரோஷிணி நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். விசிறினாலும் அதே சூட்டுக் காற்றுதான் திரும்பி வந்தது.

ஜெயக்கொடி இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிச் சுவருக்குப் போனாள்.

"கொடி," என்றான் செல்லப்பாண்டி. மூச்சு வாங்கியது. "வேணாம்."

"காத்து வேணும்ல உங்களுக்கு."

"உடைச்சா சேதம்னு எழுதுவான். அட்டையே போயிரும். கீழ வை."

அவள் நாற்காலியைத் தூக்கியபடியே சிறிது நேரம் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் அது சுருக்கம் சுருக்கமாகப் போவது தெரிந்தது. நாற்காலியைக் கீழே வைத்தாள்.

மத்தியானம் ஒரு படகுச் சத்தம் கேட்டது.

ஆரஞ்சு நிற ரப்பர் படகு. ஓட்டுபவர் ஒருவர், ஆணையத்தின் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண். முதல் மாடிப் படிக்கட்டு ஓரம் படகைக் கட்டிவிட்டு அவள் ஒலிபெருக்கியில் பேசினாள். எல்லோரும் வரலாம், மேடான இடத்தில் மண்டபம் தயாராக இருக்கிறது, சூடாகச் சாப்பாடு இருக்கிறது, இன்னும் எத்தனை படகு வேண்டுமானாலும் வரும். பதினொரு மாடியிலும் யாரும் அசையவில்லை. ஒரு குழந்தை மட்டும் எங்கேயோ சாப்பாடு என்று கேட்டு அழுதது. அதன் வாயை யாரோ பொத்தினார்கள்.

ஜெயக்கொடி படிகளில் ஓடினாள்.

கள அலுவலரின் பெயர் பெனாசிர். முப்பது வயதுகூட இருக்காது. ஜெயக்கொடி சொன்னதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் ஏழு மாடி ஏறி வந்தாள். செல்லப்பாண்டியின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"இவர உடனே கொண்டுபோகணும்," என்றாள்.

"கொண்டுபோங்க மேடம். செஞ்சுட்டு சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொண்டுவந்து விட்டுருங்க. ஒரு நாள் ஆகாதுல்ல."

"ஏத்திக்கிட்டு வரத்தான் உத்தரவும்மா. கொண்டுவந்து விட உத்தரவு இல்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போனா கணக்கு நிக்காதுன்னு முன்னாடி ஒரு விதி இருந்துச்சே?"

"போன வருஷம் எடுத்துட்டாங்க." பெனாசிர் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "பொய்யா சீட்டு வாங்குறாங்கன்னு சொல்லி."

"அப்ப நாங்க எல்லாரும் வர்றோம்," என்றாள் ஜெயக்கொடி. மூட்டைகள் கட்டியபடியே இருந்தன. அவள் மருந்துப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அப்படி மாட்டும்போதே இன்னொன்றும் அவள் மனதில் ஓடியது: இன்னும் இரண்டே நாள். அந்த நினைப்பு வந்ததற்காக அவளுக்கு உடம்பு கூசியது.

செல்லப்பாண்டி அவளைப் பார்க்கவில்லை. பெனாசிரிடம் பேசினான். வேலையில் இருந்தபோது மின்தூக்கி மெக்கானிக். எதற்கும் கையேட்டைப் படித்துவிட்டுத்தான் கை வைப்பான். டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு நான்கு மணி நேரம் கிடந்தபோது ஆணையத்தின் விதிப் புத்தகத்தையும் முழுக்கப் படித்திருந்தான்.

"மேடம், அட்டைய பிரிக்கலாம்ல? பதினேழாவது விதி."

பெனாசிர் தோள்பையில் இருந்த டேப்லெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"பிரிச்சா அவங்க ரெண்டு பேரோட எண்ணிக்கை நிக்குமா, தொடருமா?"

"தொடரும்," என்றாள் மெதுவாக. "ஆனா அது தற்காலிகமா செய்றது இல்ல சார். நிரந்தரப் பிரிவுன்னு ரெண்டு பேரும் உறுதி குடுக்கணும். விவாகரத்துக்குச் சமம். அப்புறம் நீங்க தனியாள் அட்டை. மறுபடியும் சேந்து இருந்தீங்கன்னா குடுத்த உறுதி பொய்யின்னு ஆயிடும். இவங்க உரிமையும் போயிடும்."

"தெரியும். டேப்ப எடுங்க."

"ஏங்க, பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றாள் ஜெயக்கொடி.

"கொடி, நீ உக்காரு." அவன் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "நான் இங்க இருந்தா நாளைக்குள்ள செத்துருவேன். செத்தாலும் அட்டைய விட்டு என் பேர எடுக்கத்தான் செய்வாங்க. அதுக்கு உயிரோட எடுத்துட்டுப் போகட்டும். நான் பொழச்சுக்கிறேன். நீங்களும் பொழைங்க."

"வீடு இல்லாம ஒம்பது வருஷம் இருந்தோம்ல. இன்னொரு ஒம்பது வருஷம் இருப்போம்."

"இவளுக்கு ஒம்பது வருஷம் இருக்கா?" என்று ரோஷிணியைக் காட்டினான்.

எல்லோரும் ரோஷிணியைப் பார்த்தார்கள். அவள் விசிறுவதை நிறுத்தியிருந்தாள். அப்பாவோடு போகலாம் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று ஜெயக்கொடி காத்திருந்தாள். சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ரோஷிணி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு மறுபடியும் விசிற ஆரம்பித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

புடவைத் திரைக்கு அந்தப் பக்கம் அற்புதராஜும் இன்னும் சிலரும் வந்து நிற்பது நிழலாகத் தெரிந்தது. யாரும் உள்ளே வரவில்லை. போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

பெனாசிர் கருவியை நீட்டினாள். செல்லப்பாண்டியின் பெருவிரல் வீங்கியிருந்ததால் இரண்டு முறை ரேகை பதியவில்லை. மூன்றாவது முறை பதிந்தது. பிறகு கருவி ஜெயக்கொடி பக்கம் வந்தது. அவன் மூச்சு விடும் சத்தம் அறை முழுவதும் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் விரலை வைத்தாள்.

நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அற்புதராஜ் ஒரு பக்கம், படகுக்காரர் ஒரு பக்கம். ஜெயக்கொடியும் பெனாசிரும் பின்னால் மருந்துப் பையோடு போனார்கள்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு மேடம். இல்லன்னா என்ன ஆயிருக்கும்," என்றாள் ஜெயக்கொடி. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் சொன்னாள்.

பெனாசிர் இரண்டு படி இறங்கிவிட்டு நின்றாள். முன்னால் போகிறவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"நன்றியெல்லாம் சொல்லாதீங்கம்மா. இன்னிக்கு இந்தப் பக்கம் மொத்தம் ஒம்பது படகு. ஒம்பதும் எண்பது நாளைத் தாண்டின கட்டடங்களுக்குத்தான் போகுது. உங்கள இறக்குறதுக்குத்தான் என்னைய அனுப்புனாங்க. காப்பாத்துறதுக்கு இல்ல."

ஜெயக்கொடிக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"அந்த மஞ்சக் கட்டடம் தெரியுதா? அங்க ஒரு பொண்ணு நிறைமாசமா இருக்கு. வரும்போது மாடியில நின்னு கைய ஆட்டுனாங்க. அவங்களுக்கு இருபத்திரண்டாவது நாள். அங்க படகு கிடையாது."

"அப்ப நாங்களும் இருபத்திரண்டுல இருந்திருந்தா..."

"யாரும் வந்திருக்க மாட்டோம்."

"அந்தப் பொண்ணையும் ஏத்திக்கங்க மேடம். படகுல இடம் இருக்குல்ல."

"இடம் இருக்கு," என்றாள் பெனாசிர். மறுபடியும் இறங்க ஆரம்பித்தாள்.

செல்லப்பாண்டியைப் படகில் உட்கார வைத்தார்கள். அவன் ஜெயக்கொடியிடம் வீட்டைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. "ஏழாவது மாடி மின்தூக்கிக் கதவு சரியாச் சாத்தாது, பாப்பாவ அது பக்கம் சாய வேண்டாம்னு சொல்லு," என்றான். படகு கிளம்பியது. அவள் ஏழு மாடி ஏறி வந்து கண்ணாடி வழியாகத் தேடியபோது அது மஞ்சள் கட்டடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பியது. உள்ளே எத்தனை பேர் என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. பெனாசிரை அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

தொண்ணூறாவது நாள் காலையில் கதவின் மேலிருந்த எண் மறைந்து "உரிமை" என்ற சொல் வந்தது.  அடுத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு மேல் மாடியில் யாரோ சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, அப்புறம் எல்லா மாடியிலும். இடைக்கால இடத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பது விதி.

ஜெயக்கொடி ஆணி அடிக்கவில்லை. தண்ணீர் வடிந்து போன் கிடைக்க மேலும் மூன்று நாள் ஆனது. செல்லப்பாண்டி உயிரோடு இருந்தான்.

அதன் பிறகு நடந்தவற்றை ஜெயக்கொடி ஒவ்வொன்றாகத்தான் தெரிந்துகொண்டாள்.

உரிமை வந்த கட்டடம் இனி காலியிடம் இல்லை. ஆகவே ஆணையம் தண்ணீர் லாரியை நிறுத்திக்கொண்டது. பதினொரு மாடிக்கும் குடத்தில் தூக்கினார்கள். முதல் ஐந்து வருடம் யாரும் தொடர்ந்து ஓர் இரவுக்கு மேல் வெளியே தங்கக் கூடாது; தங்கினால் உரிமை ரத்து. திருச்சியில் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது அற்புதராஜ் காலையில் போய் மறுநாள் திரும்பிவிட்டார். "தூங்கிக்கிட்டிருந்துச்சு. கண்ணத் தொறக்கறதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு," என்றார். அந்த இடத்தை விற்க முடியாது, மாற்றிக்கொள்ள முடியாது. விட்டுவிட்டு வெளியேறலாம். வெளியேறினால் ஆணையத்தின் அட்டையும் திரும்பக் கிடைக்காது.

புதிதாக வந்த கள அலுவலர் மாதம் ஒரு முறை சொல்லாமல் வந்து பார்த்தார். முதல் முறை வந்தபோது கொடியில் ஒரு சட்டை தொங்கியது. "இது யாருது?" என்றார்.

"பழசு மேடம்... பழசு சார். தொடைக்கறதுக்கு வச்சிருக்கேன்."

"பிரிஞ்சவரு இங்க வர்றாரா?"

"இல்ல சார்."

"வந்தா என்னன்னு தெரியும்ல?"

அன்றைக்கே சட்டைகளையெல்லாம் எடுத்து முதல் மாடியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாள்.

செல்லப்பாண்டியை அவள் பார்த்ததெல்லாம் சனிக்கிழமைகளில், டயாலிசிஸ் மையத்தின் வெளிக்கூடத்தில். அங்கே எல்லோருக்கும் பொதுவான பெஞ்சு. இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் விதிமீறல் ஆகாது. ரோஷிணியின் மதிப்பெண்களை அவள் சொல்வாள். ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு அரையாண்டுத் தேர்வு எழுதிவிட்டாள்; வகுப்பில் இரண்டாவது; தோழிகள் இருக்கிறார்கள், பிறந்தநாளுக்குக் கூப்பிடுகிறார்கள். அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். மறுபடி சொல்லச் சொல்வான். ரோஷிணி சில சனிக்கிழமை வருவாள். வந்தால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். "அன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல," என்று ஒரே ஒரு முறை சொன்னாள். "சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்லடா," என்றான் அவன்.

தனியாள் அட்டைக்குக் கிடைத்த இடங்கள் வேறு மாதிரி. குடும்பங்களை வைத்தது போக மிச்சம் இருக்கும் மூலைகள். மூடிய தியேட்டரின் படம் ஓட்டும் அறை, பாலத்துக்கு அடியில் ஒரு டயர் கடை, யாரும் வாடகைக்கு எடுக்காத கல்யாண மண்டபத்தின் சமையல் கூடம். இருபது நாளுக்கு ஒரு முறை மாற்றம். நகரத்தின் எந்தக் கோடியிலும் விழும். ஒருமுறை வடக்குக் கோடியில் விழுந்தபோது மையத்துக்கு வர மூன்று பேருந்து மாற வேண்டியிருந்தது. அந்த இருபது நாளில் நான்கு டயாலிசிஸ் தவறியது. ஒரு சனிக்கிழமை அவன் வெளிக்கூடத்தின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றான்.

"நான் இத விட்டுட்டு வந்துர்றேங்க," என்றாள் ஜெயக்கொடி.

"எங்க வருவ? உனக்குத்தான் அட்டை இல்லையே. பிளாட்பாரத்துக்கா?"

 மாலை ஐந்து மணிப் பேருந்தில் அவள் திரும்பிப் போனாள்.

பதினெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் பேச்சை ஆரம்பித்துவிட்டு இரண்டு முறை நிறுத்தினான்.

"உள்ள வேலை பாக்குதே, வசந்தாமணின்னு ஒரு பொண்ணு. பெட்டெல்லாம் மாத்தும்."

"தெரியும். நெத்தியில தழும்பு இருக்கும்."

"அதுவும் தனியாள் அட்டைதான். போன மாசம் அத ஒரு பழைய குடோன்ல போட்டாங்க. எழுபது ஆம்பளைங்க, ஒரே பாத்ரூம். ராத்திரியெல்லாம் உக்காந்தே இருந்துச்சாம்." அவன் தூணைப் பார்த்துப் பேசினான். "விதிப் புத்தகத்துல இருபத்தொண்ணாவது பாத்தேன். நோயாளியும் பாத்துக்கறவங்களுமா ஒரு குடும்ப அட்டை இருந்தா ஆஸ்பத்திரியிலருந்து அஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான் இடம் குடுக்கணும். மாத்துனாலும் அதுக்குள்ளயேதான் மாத்தணும்."

 ஒரு நர்ஸ் யாரோ ஒருவருடைய பெயரைக் கூப்பிட்டாள்.

"குடும்பம்னா?" என்றாள் ஜெயக்கொடி.

"பதிவு பண்ணணும்."

"கல்யாணமா?"

"பேப்பர்ல."

"எங்களது பேப்பர்லதான் பிரிஞ்சதுன்னு நெனச்சேன்," என்றாள் அவள். கோபமாகச் சொல்ல நினைத்தாள். ஆனால் குரல் அப்படி வரவில்லை. எங்களது என்று ஏன் சொன்னோம், நம்மளது என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீ வேணாம்னு சொன்னா வேணாம். கேக்காம செய்யவும் முடியாது. பிரிஞ்சு மூணு வருஷத்துக்குள்ளன்னா மொத சம்சாரம் ஆட்சேபனை இல்லன்னு கையெழுத்துப் போடணும்."

அந்தத் தூணை, அதைப் பிடித்திருந்த அவனுடைய கையை, கையில் ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துப்போன நரம்பை அவள் பார்த்தாள்.

"என்னிக்கு?" என்று கேட்டாள்.

பதிவு அலுவலகத்தில் புதன்கிழமை அதிகக் கூட்டம் இல்லை. ஜெயக்கொடி கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் பெயரைச் சரிபார்த்துவிட்டு, "ஆட்சேபனை இல்லையா?" என்று கேட்டார். அது அவர் எல்லோரிடமும் கேட்பது. "இல்லை," என்றாள். மற்ற இருவரும் உள்ளே போய் ரேகை வைத்துவிட்டு வந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே ஒரு டீக்கடை இருந்தது. செல்லப்பாண்டி டீ குடிக்கக் கூடாது. தள்ளி ஒரு வேப்பமரத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான். புது அட்டையை மடியில் வைத்திருந்தான். பெண்கள் இருவரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வசந்தாமணிக்கு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். காலையிலிருந்து ஜெயக்கொடியை நேருக்கு நேர் அவள் பார்க்கவே இல்லை.

"அக்கா," என்றாள் கடைசியில். "நான் உங்களுக்கு எந்தத் துரோகமும்..."

"தெரியும்மா. டீ ஆறிடப் போகுது."

வசந்தாமணி குடித்தாள். பிறகு, "ஆஸ்பத்திரியில பாக்கறது வேற, வீட்டுல வச்சிப் பாக்கறது வேற. எனக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்கக்கா," என்றாள்.

ஜெயக்கொடி சொன்னாள். காயை அப்படியே சமைக்கக் கூடாது. பொடியாக நறுக்கி வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும். இளநீர் கூடவே கூடாது. உப்பு ஒரு சிட்டிகை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர்தான் தண்ணீர். அரை தம்ளர் குடித்தேன் என்பார், நம்பக் கூடாது, பாட்டிலில் அளந்து வைக்க வேண்டும். ஊசி போடும் கையில் எதையும் தூக்க விடக் கூடாது. உடம்புக்கு முடியாத நாளில்தான் அதிகமாகச் சிரிப்பார், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

வசந்தாமணி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். உதடுகள் அசைந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தன.

அவள் கட்டடத்துப் பக்கம் போகும் பஸ் தூரத்தில் சிக்னலில் நின்றது. ஜெயக்கொடி கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தாள். இன்னும் ஒன்று இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று பஸ் கிளம்பும்வரை யோசித்தாள்.

"படுக்கும்போது தலைக்கு ரெண்டு தலகாணி வைக்கணும்மா. ஒண்ணுன்னா மூச்சு முட்டும். கேட்டு வாங்க மாட்டாரு. விடிய விடிய உக்காந்துருப்பாரு."

"ரெண்டு தலகாணி," என்றாள் வசந்தாமணி. முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட ஒண்ணுதான் இருக்குக்கா."

"அவரோடது எங்கிட்ட இருக்கு," என்றாள் ஜெயக்கொடி. "சனிக்கிழமை கொண்டாந்து தர்றேன்."